தாயாருக்குச் சாத்திய புடவை

சென்னையில் கம்பெனி செக்ரட்டரியாக இருந்த காலத்தில், தீபாவளி வந்தால் என் வீட்டில் சண்டையும் வந்துவிடும். சப்ளையர்கள் அனுப்பும் ஸ்வீட் பாக்ஸ்களைப் பிரிக்காமல் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன். என் மகள் முந்திரி கத்லியைக் கண்ணாடிக் காகிதத்துக்கு வெளியே இருந்து பார்த்ததோடு சரி. "உங்கப்பாவுக்கு ஸ்வீட்டைக் கண்டாலே பிரஷர் ஏறிடும்" என்று மனைவி அவளிடம் சொல்வாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளுக்குள் தலைகால் புரியாத பெருமை. என்னைப்போல் ஒருவன் உண்டா என்று நினைத்துக்கொண்டே ஆபீஸ் போவேன். அந்தப் பெருமையை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் சொல்லப்போகும் வெட்கத்தின் அளவு யாருக்கும் புரியாது.

ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்துக்கே திரும்பி வந்தேன். வந்த கொஞ்ச நாளில், திருச்சிக்கு வெளியே இருக்கும் ஒரு தனியார் சட்டக் கல்லூரியின் தாளாளர் வீடு தேடி வந்தார். கம்பெனிகள் சட்டத்தை மீறாமல், லஞ்சம் கொடுக்காமல், வாங்காமல் நடப்பதைக் கண்காணிக்க ஆட்கள் தேவைப்படுகிறார்கள், அதற்கென்று ஓராண்டு டிப்ளமோ தொடங்க வேண்டும், நீங்கள்தான் உருவாக்கித் தரவேண்டும் என்றார். நான் ஒப்புக்கு இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றேன். உண்மையில் அவர் காபி குடித்து முடிப்பதற்குள்ளேயே மனதில் பாடத்திட்டம் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

பாடத்திட்டத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. வெளிநாட்டு வங்கி திவாலான கதையெல்லாம் வேண்டாம், இந்த ஊர்க் கதைகள் போதும். அரியமங்கலத்தில் பாய்லர் பாகம் செய்கிற ஒரு பட்டறை, அங்கே வெல்டிங்கைச் சோதிக்க வருகிற இன்ஸ்பெக்டர், அவருக்கு மதியச் சாப்பாடு யார் செலவு? இப்படித்தான் என் கேள்விகள் இருக்கும். ஒரு யூனிட் முழுக்கப் பரிசும் விருந்தும் பற்றி. அடுத்த யூனிட் இடையில் ஒரு ஆளை வைத்துக் கொடுப்பதைப் பற்றி. கடைசி யூனிட், தப்பைக் கண்டவர் யாரிடம், எப்படிப் புகார் செய்வது, அவரைக் காப்பாற்றுவது எப்படி என்பது. இந்தக் கடைசி யூனிட்டை என்னைவிட நன்றாக நடத்தத் தெரிந்த ஒரு வழக்கறிஞரை இரண்டாவது முழுநேர ஆசிரியராகப் போடுவதாகத் தாளாளர் வாக்குக் கொடுத்திருந்தார்.

அங்கீகாரம் கொடுக்கும் கமிட்டி வருகிற நாள் நெருங்கியது. ஆசிரியர் வரவில்லை. தாளாளர் என்னைக் கூப்பிட்டு அதைப் பற்றிப் பேசாமல் வேறொன்றைப் பேசினார்.

"சார், பட்டுப் புடவை ரெண்டு, பட்டு வேஷ்டி ரெண்டு எடுத்திருக்கோம். சும்மா ஒரு மரியாதைக்குத்தான். வந்தவங்கள வெறுங்கையோட எப்படிங்க அனுப்பறது?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "நாம ஆரம்பிக்கப் போறது என்ன கோர்ஸ்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா? பரிசு வாங்காதேன்னு சொல்லித் தர்ற கோர்ஸுக்குப் பரிசு குடுத்து அனுமதி வாங்கறதா?" என்று கத்தினேன். வெளியே உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட்கூட எட்டிப் பார்த்தார்.

தாளாளர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். "கோச்சுக்காதீங்க சார். உங்க அளவுக்கு எனக்குத் தெரியாது. தப்பில்லாம எப்படிச் செய்யறதுன்னு நீங்களே ஒரு வழி சொல்லுங்க" என்றார்.

சொன்னேன்.

கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு சின்னப் பெருமாள் கோயில் இருக்கிறது. அதில் என் தம்பி அர்ச்சகர். பெரிய கோயிலின் கூட்டமும் அமளியும் அங்கே கிடையாது. சுவாமிக்குச் சாத்திய வஸ்திரத்தைக் களைந்து, சேவிக்க வந்தவர்களுக்குப் பிரசாதமாகக் கொடுப்பது வழக்கம்தான். புது வேஷ்டியைப் பெருமாளுக்கும் புதுப் புடவையைத் தாயாருக்கும் சாத்திவிட்டு, கமிட்டியைச் சேவிக்க அழைத்துப்போனால், கொடுப்பது கல்லூரி இல்லை, கோயில். அதற்குப் பெயர் பரிசும் இல்லை, பிரசாதம். இதை விளக்கிச் சொன்னபோது எனக்கே என் சாமர்த்தியம் பிடித்துப்போனது. தாளாளர் கையெடுத்துக் கும்பிட்டார்.

தம்பிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணா, இது தாயாருக்குச் சாத்தறதுக்குன்னு வாங்கினதா, அவாளுக்குக் குடுக்கறதுக்குன்னு வாங்கினதா?" என்று கேட்டான்.

"ரெண்டுக்கும்தான்டா. பேசாம சாத்து" என்றேன்.

அவன் சாத்தினான். மூத்தவன் சொல்லை அவன் தட்டியதில்லை.

கமிட்டியில் மூன்று பேர். தலைவர் வடக்கேயிருந்து வந்த பெரியவர். இன்னொருவர் அதிகம் பேசாத ஒரு பேராசிரியர். மூன்றாமவர் சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மாள், சட்டப் பேராசிரியை. காலையில் கல்லூரியில் அந்த அம்மாள்தான் எங்களைத் துளைத்தெடுத்தார். "ரெண்டாவது ஆசிரியர் எங்கே சார்? ஒருத்தரே எல்லா யூனிட்டையும் நடத்தினா அது கோர்ஸா? அவர் சேராம ஆரம்பிக்கக் கூடாதுன்னு நான் எழுதப்போறேன்" என்றார். நியாயமான பேச்சு. எனக்கு அந்த நேரத்தில் அது வேண்டாத வம்பாகப் பட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு கோயில். அந்த அம்மாளுக்குத் துணையாக இருக்கட்டுமென்று, காலையில் மாணவர்கள் சார்பில் பேசிய பெண்ணையும் அழைத்துக்கொண்டோம். உப்பிலியபுரத்துக்காரி. அப்பாவுக்கு விவசாயம். சட்டப் படிப்பில் கடைசி வருடம், எங்கள் டிப்ளமோ வந்தால் முதல் ஆளாகச் சேருவேன் என்று கமிட்டியிடம் தைரியமாகச் சொன்னவள்.

கோயிலில் எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது. தீர்த்தம், சடாரி, துளசி மாலை. ஆண்கள் இருவர் கழுத்திலும் தம்பி வேஷ்டியைப் போட்டான். தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்து அந்த அம்மாளிடம் தட்டை நீட்டினான். அதில் மயில்கழுத்து நிறத்தில் பட்டுப் புடவை, மேலே மஞ்சள், பூ. அவர் கை நீட்டவில்லை. என் பக்கம் திரும்பி, மெதுவாக, "இது கோயிலோடதா சார், காலேஜோடதா?" என்று கேட்டார்.

"தாயாரோடது மேடம். இப்பத்தான் சாத்திக் களைஞ்சது. நாங்க யாரு குடுக்கறதுக்கு?" என்றேன்.

சன்னிதியில் நின்றுகொண்டு தாயார் பிரசாதத்தை வேண்டாமென்று யார் சொல்ல முடியும்? அவர் தட்டைப் பார்த்தார், தாயாரைப் பார்த்தார், வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டார். திரும்பி வரும்போது காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

தலைவரின் மனைவியும் வருவதாக இருந்ததால்தான் இரண்டு புடவை. அவர் கடைசியில் வரவில்லை. மிஞ்சிய அரக்குப் புடவையை அந்த மாணவியிடம் கொடுத்து, "தாயார் பிரசாதம், அம்மாகிட்டக் குடு" என்றேன். அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது, நல்ல காரியம் செய்த திருப்திகூட எனக்கு வந்தது.

அங்கீகாரம் வந்தது. இரண்டாவது ஆசிரியர் சேராமல் தொடங்கக் கூடாது என்று இருந்திருக்க வேண்டிய இடத்தில், உரிய காலத்தில் நியமித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. உரிய காலம் இன்றுவரை வரவில்லை. எல்லா யூனிட்டையும் நானே நடத்தினேன். புகார் செய்வது பற்றிய கடைசி யூனிட்டைப் பரீட்சைக்கு முன் வாரத்தில், பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி ஓட்டமாக ஓட்டி முடித்தேன்.

பரிசு யூனிட்டை மட்டும் ரசித்து ரசித்து நடத்தினேன். ஸ்வீட் பாக்ஸ் கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினேன். "சப்ளையர் தன் டிரைவர் மூலமா ஒரு பாக்ஸ் அனுப்பறார். டிரைவர், இது என் சொந்த அன்பளிப்புங்கறான். வாங்கலாமா?" என்று கேட்டேன். உப்பிலியபுரத்துப் பெண் எழுந்து, "டிரைவர் வெறும் கைதான் சார். பை யாரோடதுன்னு பாக்கணும்" என்றாள். சபாஷ் என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்திலும் எனக்குக் கோயில் ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வந்து அதை மறைத்திருந்தால்கூட நான் இவ்வளவு கேவலமாக உணரமாட்டேன் என்று தோன்றுகிறது.

அவள் நன்றாகத் தேறினாள். அரியமங்கலத்தில், நான் பாடத்தில் கற்பனையாகச் சொன்ன மாதிரியே ஒரு பட்டறையில், பாய்லர் பாகங்கள் செய்யும் கம்பெனியில், லஞ்சம் நடக்காமல் கண்காணிக்கும் இந்த வேலைக்கே சேர்ந்தாள். எங்கள் டிப்ளமோவால் வேலைக்குப் போன முதல் ஆள். தாளாளர் அவள் படத்தைப் போட்டுக் கல்லூரி வாசலில் பேனர் வைத்தார்.

போன மாதம் ஒரு காலை, அவளிடமிருந்து போன் வந்தது.

"சார், நல்லா இருக்கீங்களா? ஒரு சின்ன உதவி சார். பெரிய கம்பெனியிலேர்ந்து எங்க வெல்டிங்கப் பாக்க இன்ஸ்பெக்டர் மேடம் வராங்க. முதலாளி பட்டுப் புடவை குடுக்கணும்னாரு. நான் கூடவே கூடாதுன்னு சண்டை போட்டேன் சார். கேக்கவே மாட்டேங்கறாரு. அப்புறம்தான் நம்ம கமிட்டி வந்தப்ப நீங்க செஞ்சதா டைப்பிஸ்ட் சொன்னது ஞாபகம் வந்துச்சு. கோயில் வழியா குடுத்தா தப்பில்லன்னு சொல்லிட்டேன். புடவை எடுத்தாச்சு. உங்க தம்பிகிட்டச் சொல்லித் தாயாருக்குச் சாத்தித் தரச் சொல்றீங்களா?"

குரலில் ஒரு கல்மிஷமும் இல்லை. குத்திக் காட்டவில்லை. வாத்தியார் சொல்லிக் கொடுத்த கணக்கைச் சரியாகப் போட்டுவிட்ட மாணவியின் சந்தோஷம்தான் அதில் இருந்தது. போனைக் காதில் வைத்தபடி நான் உட்கார்ந்துவிட்டேன். உடம்பு முழுக்கக் கூசியது. இடையில் ஆள் வைத்துக் கொடுப்பதே பெரிய மோசடி என்று ஒரு யூனிட் முழுக்க எழுதியவன், இடையில் தாயாரையே நிறுத்தியிருக்கிறேன். பரிசு வாங்காதவன் என்று ஆயுசு முழுக்கப் பெருமை பீற்றிக்கொண்டவன், மறுக்கவே முடியாத பரிசு எப்படிக் கொடுப்பது என்று ஒரு பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

"வேண்டாம்மா. அதெல்லாம் முடியாது" என்றேன்.

"புரியுது சார். இவங்க சாதாரண இன்ஸ்பெக்டர்தான். கமிட்டி அளவுக்குப் பெரிய ஆள் இல்ல. நான் கேட்டதே தப்பு, மன்னிச்சுக்குங்க சார்."

அதைக் கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. "இல்லம்மா, அன்னிக்கு நான் செஞ்சதே தப்பு. அது பிரசாதம் இல்ல, லஞ்சம். கோயில் வழியா போச்சு, அவ்வளவுதான். டிரைவர் வெறும் கைன்னு நீதானே சொன்னே" என்று கொட்டிவிட்டேன்.

பட்டறை இரைச்சலுக்கு நடுவே அவள் கேட்டாள். "அப்ப நம்ம கோர்ஸுக்கு அனுமதி வந்தது? என் சர்டிபிகேட்?"

கமிட்டிக்கு நடந்ததையெல்லாம் எழுதித் தெரிவிப்பதுதான் முறை. எழுதினால் முதலில் அடிபடுவது அவள் சர்டிபிகேட், அப்புறம் அவள் வேலை. அதையும் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவில்லை.

"முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன் சார். ஆனா அந்த அரக்குப் புடவையை அம்மா இன்னும் கட்டவேயில்ல. சாமி புடவைன்னு பூஜை அலமாரியில வெச்சிருக்காங்க. அவங்ககிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?"

"நான் வந்து சொல்றேன்" என்றேன்.

தம்பியிடம் விஷயத்தைச் சொன்னபோது, "நான் அன்னிக்கே கேட்டேனே அண்ணா" என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவன் முகத்தை நான் நேராகப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை துறையூர் போய் பஸ் மாறி உப்பிலியபுரம் போனேன். மாணவியும் வீட்டில் இருந்தாள். முதலாளியிடம் என்ன சொன்னாள் என்று கேட்டேன். இன்ஸ்பெக்டருக்குக் காபி மட்டும் கொடுத்து அனுப்பியதாகவும், அதிலிருந்து முதலாளி முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றும் சொன்னாள். அவள் அம்மா என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டே இருந்தார். கோயில்காரர் வீட்டுக்கு வந்திருக்கிறார் என்கிற பரபரப்பு அவருக்கு. வேர்த்து விறுவிறுத்து, நடந்ததை முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன். காலேஜ் வாங்கிய புடவை, அதிகாரிகளுக்குக் கொடுக்கவே வாங்கியது, வெளியே தெரியாமல் இருக்கத்தான் கோயிலுக்குப் போனது, இது என் யோசனை. அலமாரியில் வைத்துக் கும்பிடுகிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார். "அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. சாமி மேல பட்டுச்சா, இல்லையா?"

"பட்டுதும்மா."

"அப்ப என்னங்க? சாமி புடவைதான்."

முகம் மலர்ந்து சொன்னார். தாளாளரிடம் நான் சொன்ன அதே நியாயம். அவர் வாயில் அது பக்தியாக இருந்தது. என் வாயில் என்னவாக இருந்தது என்பது எனக்கும், சுவரோரம் நின்ற அவர் மகளுக்கும் தெரியும். நான் தலையை நிமிர்த்தவில்லை.

கிளம்பும்போது ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார். தங்கள் தோட்டத்துப் பழமாம். வேண்டாம் என்றேன். எனக்குப் பழக்கமில்லை என்றேன். அவர் விடவில்லை. பையை உள்ளே எடுத்துப்போய்ச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, கற்பூரம் காட்டி, திரும்பக் கொண்டுவந்து நீட்டினார். "இப்ப வாங்கிக்குங்க" என்றார். வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டேன். சன்னிதியில் அந்தப் பேராசிரியை அம்மாள் கை நீட்டாமல் நின்ற அந்த நிமிஷம் அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

மாணவி பஸ் ஸ்டாப் வரை வந்தாள். பஸ் தெரிந்ததும், "கமிட்டிக்கு எழுதிட்டீங்களா சார்?" என்று கேட்டாள்.

"எழுதி வெச்சிருக்கேன். அனுப்பல. உன்னை நெனச்சுத்தான்."

"என்னைச் சாக்கு சொல்லாதீங்க சார். அனுப்புங்க."

"சர்டிபிகேட் போயிட்டா?"

"மறுபடியும் வந்து சேர்ந்து படிச்சுக்கறேன். இந்தத் தடவை கடைசி யூனிட்டை ஓட்டாம நடத்துங்க."

சரிம்மா என்றேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. துறையூர் பஸ் ஸ்டாண்டில் பெஞ்சில் உட்கார்ந்து, எலுமிச்சம்பழப் பையை மடியில் வைத்துக்கொண்டு, போனை எடுத்து, கமிட்டிக்கு எழுதி வைத்திருந்த மெயிலை அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை. கல்லூரி வாசலில் அவள் படம் போட்ட பேனர் அப்படியே இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறேன்.